காதுக்குள்ள குண்டூசி!

நாலு வருஷம் என்கூடவே படித்த ஜீவன் அது. ப்ளஸ் டூ ரிசல்ட் வந்தபோது காதில் இருந்தது, இன்ஜினீயரிங் கவுன்சலிங் லிஸ்ட் பார்த்தபோது காதில் இருந்தது, ஃபர்ஸ்ட் செமஸ்டர் மேத்ஸ் மார்க்குக்கு நான் மூக்கைச் சிந்திக்கொண்டு உட்கார்ந்திருந்தபோதும் காதில் இருந்தது. கறுப்பு வயர், முந்நூத்தி ஐம்பது ரூபாய், ஊர் பேர் தெரியாத கம்பெனி. போன மாசம் காரமடையில் மெமு ட்ரெயின் ஏறினேன். துடியலூர் ஸ்டேஷன் வருவதற்குள் லெஃப்ட் சைடு மண்டையைப் போட்டுவிட்டது!

படிப்பது ஈ.சி.ஈ. மூணாவது வருஷம். சும்மா விடுவோமா? லேபில் சால்டரிங் அயர்னைத் தூக்கினேன். இயர்போன் வயரை வெட்டிப் பார்த்திருக்கிறீர்களா மக்களே? உள்ளே சிவப்பு, பச்சை, தங்கக் கலரில் மயிரிழை மாதிரி செம்புக் கம்பிகள். ஒவ்வொன்றின் மேலேயும் எனாமல் பூச்சு. நடுவில், இழுத்தால் அறாமல் இருக்க நைலான் நூல். அந்தப் பூச்சை லேசாகச் சுட்டு எடுக்காமல் ஈயத்தை வைத்தால் ஒட்டவே ஒட்டாது. ரெண்டு தடவை உயிர் கொடுத்தேன். மூணாவது தடவை உள்ளே இருக்கும் காயிலே போய்விட்டது. 'விடுடி, அது நிம்மதியா போகட்டும்' என்றாள் பெஞ்ச்மேட்.

காரியம் முடிஞ்சாச்சு. புதுசு வாங்கணும். அவ்வளவுதானே?

அதான் இல்லை.

என் காதுக்கு ஒரு குணம் உண்டு. கீச்சு சத்தம் ஆகாது. எவர்சில்வர் தட்டில் ஸ்பூன் உரசினால் எல்லோருக்கும் பல் கூசும். எனக்கு காதுக்குப் பின்னாடி எலும்பில் சுருக்கென்று குத்தும். மேட்டுப்பாளையம் ரோட்டில் ஓடும் தனியார் பஸ்களைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கூரை முழுக்க ஸ்பீக்கர், டிரைவர் தலைக்கு மேலே ட்வீட்டர், வெளியே ஏர்ஹார்ன். ஃப்ரெண்ட்ஸ் எல்லாம் அந்தப் பாட்டுக்காகவே அந்த பஸ்ஸுக்குக் காத்திருப்பார்கள். நான் அந்தப் பாட்டுக்காகவே ட்ரெயினுக்கு மாறினேன். மாசி மாசம் எங்க ஊர் அரங்கநாதர் கோயில் தேர்த் திருவிழாவில் தாசர்கள் பந்த சேவை எடுத்து வருவார்கள். சங்கு ஊதினால் நான் பாட்டுக்கு நின்று கேட்பேன். பக்கத்தில் சேகண்டியைத் தட்டினால், எங்க அம்மா முந்தானைக்குப் பின்னாடி ஒளிந்துகொள்வேன். இருபது வயசிலும்!

செத்துப்போன இயர்போன் எனக்கு ஒத்துப்போனதற்குக் காரணமே அதன் மட்டமான தரம்தான் என்பது என் தியரி. மேல் சுருதியை அது ஒழுங்காகக் கொடுக்கவே கொடுக்காது. பாட்டு கம்பளி போர்த்திக்கொண்டு வரும். எனக்கு அந்தக் கம்பளி பிடித்திருந்தது.

விஷயம் கேள்விப்பட்டு, ஓசூரில் வேலையில் இருக்கும் பெரியப்பா பையன் ஒரு புது செட் அனுப்பிவைத்தான். டப்பாவே நகைப்பெட்டி மாதிரி இருந்தது. மேலே தங்கக் கலரில் 'ஹை-ரெஸ்' முத்திரை. கம்பெனி பேர் வேண்டாம். பாட்டைப் போட்டேன். முதல் பத்து விநாடி... அடடா, வீணைக்கம்பியில் விரல் வழுக்குவது வரைக்கும் கேட்கிறதே! பதினோராவது விநாடி ட்ரம்ஸ் ஆரம்பித்தது. 'ட்ஸ்... ட்ஸ்... ட்ஸ்...' ஒவ்வொரு ட்ஸ்ஸும் ஒரு குண்டூசி. பாடுகிறவர் 'ஸ்' என்று வாயைத் திறந்தால் இன்னொரு குண்டூசி. பத்து நிமிஷத்தில் நெற்றியில் வலி. கழற்றி வைத்துவிட்டேன். பொங்கலுக்கு வந்த அண்ணன் அதை மாட்டிப் பார்த்துவிட்டு, 'ஏன் புள்ள, செம க்ளியரா இருக்குதே!' என்று திரும்ப எடுத்துக்கொண்டு போய்விட்டான். இன்றைக்கும் அதில்தான் பாட்டு கேட்கிறான்.

அதே இயர்போன், அதே பாட்டு. ஒருத்தருக்கு க்ளியர், ஒருத்தருக்கு குண்டூசி. எப்படி?

ப்ளஸ் ஒன் ஃபிஸிக்ஸ் லேபை ஞாபகப்படுத்திக்கொள்ளுங்கள். கண்ணாடிக் குழாயில் தண்ணீரை ஏற்றி இறக்கி, மேலே ட்யூனிங் ஃபோர்க்கைத் தட்டிப் பிடித்து, 'எங்கே சத்தம் கூடுது?' என்று தேடிய ரெசொனன்ஸ் காலம் எக்ஸ்பெரிமென்ட். நம்ம காது அதே குழாய்தான் பாஸ்! காது ஓட்டையில் இருந்து செவிப்பறை வரை கிட்டத்தட்ட இரண்டரை சென்டிமீட்டர். ஒரு பக்கம் திறப்பு, மறுபக்கம் அடைப்பு. சத்தத்தின் வேகம் நொடிக்கு 340 மீட்டர் என்று வைத்துக்கொண்டு, நீளத்தைப் போல நாலு மடங்கால் வகுத்தால் 3,400 ஹெர்ட்ஸ். அதாவது, 3,000 ஹெர்ட்ஸ் பக்கம் வரும் சத்தத்தை நம் காதே சொந்தச் செலவில் கூட்டிக் கொடுக்கிறது. 1933-ல் பெல் லேப்ஸில் ஃப்ளெட்ச்சர், மன்சன் என்ற ரெண்டு பேர் காதின் உணர்திறனை வளைகோடாகப் போட்டுக் காட்டினார்கள். அதிலும் காது ரொம்ப உஷாராக இருப்பது 2,000-ல் இருந்து 5,000 ஹெர்ட்ஸ் வரைக்கும்தான்.

இப்போ அந்தக் குழாயின் வாயில் இயர்போனைத் திணியுங்கள். ரெண்டு பக்கமும் அடைப்பு! கணக்கே மாறிவிடும். இப்போது நீளத்தின் ரெண்டு மடங்கால் வகுக்க வேண்டும். இயர்போனுக்கும் செவிப்பறைக்கும் நடுவே ரெண்டு சென்டிமீட்டர் மிச்சம் இருந்தால் 8,500 ஹெர்ட்ஸில் ஒரு முட்டு. கொஞ்சம் வெளியே நின்றால் அந்த முட்டு 7,000 பக்கம் இறங்கி வரும். நாம் 'ஸ்' என்று சொல்லும்போது பிறக்கும் காற்றுச் சத்தம் பெரும்பாலும் 5,000-ல் இருந்து 8,000 வரைக்கும். முட்டும் ஸ்ஸும் ஒரே இடத்தில் சந்தித்தால்... குண்டூசி!

அண்ணன் காது வேற நீளம், என் காது வேற நீளம். கதை அவ்வளவுதான்.

இதைச் சொன்னபோது எங்க டி.எஸ்.பி. மேம் சிரித்துவிட்டு ஒரு வார்த்தை சொன்னார். 'கணக்கெல்லாம் சரிம்மா. ஆனா காது வலிக்குதுன்னா கடைக்குப் போறதுக்கு முன்னாடி டாக்டர்கிட்ட போ.' காதில் அழுக்கு இறுகிப் போனாலும், உள் காது அடிபட்டாலும் சத்தம் சுருக்கென்று கேட்கலாமாம். அதற்கு ஆயிரம் ரூபாய் இயர்போன் மருந்து ஆகாது.

அரசு மருத்துவமனை இ.என்.டி. பிரிவுக்கு அம்மா துணைக்கு வந்தார். கண்ணாடி வைத்த சின்ன ரூமுக்குள் உட்கார வைத்து, ஹெட்போன் மாட்டி, கையில் ஒரு பட்டனைக் கொடுத்தார்கள். சத்தம் கேட்டால் அமுக்க வேண்டும். 250 ஹெர்ட்ஸில் ஆரம்பித்து 8,000 வரைக்கும் ஒவ்வொன்றாகப் போகும். கேட்கிறதா, இல்லை கேட்கிற மாதிரி நமக்கே தோன்றுகிறதா என்று குழம்ப வைக்கும் பரீட்சை. அப்புறம் சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போய், 'தாங்க முடியலைன்னா கையைத் தூக்குங்க' என்றார் ஆடியோலஜிஸ்ட் அக்கா. பல பேர் 90, 100 டெசிபல் வரைக்கும் தாங்கும் இடத்தில் நான் 4,000 ஹெர்ட்ஸில் 75-லேயே கையைத் தூக்கிவிட்டேன். கேட்கும் திறன் பர்ஃபெக்ட். தாங்கும் திறன்தான் கம்மி. அதற்குப் பேர் ஹைப்பராகுசிஸ், என்னுடையது லேசான ரகம். 'சத்தம் ஆகலைன்னு எந்நேரமும் பஞ்சை அடைச்சுக்காதீங்க, காது இன்னும் உஷாராயிடும். வேற எதாவது கூட வந்தா, காதுல ஓயாம ரீங்காரம் கேட்டா உடனே வாங்க' என்றார். மருந்து மாத்திரை இல்லை.

ரிப்போர்ட்டை மடித்துக்கொண்டு எழுந்தோம். அந்த அக்கா அம்மாவிடம் ஏதோ கேட்டார். அம்மா அவர் உதட்டையே பார்த்துவிட்டு, 'ஆமாங்க, பொண்ணுதானுங்க' என்றார். அவர் கேட்டது, 'எங்க இருந்து வர்றீங்க?'

'அம்மா, நீங்களும் ஒரு நிமிஷம் உட்காருங்க' என்றார் அக்கா.

என் அம்மா பத்தொன்பது வருஷம் ஸ்பின்னிங் மில்லில் சைடர். ரிங் ஃபிரேம் மெஷின் வரிசைக்கு நடுவில் நடந்துகொண்டே, அறுந்த நூலை முடிந்துகொண்டே இருக்கும் வேலை. ஆயிரக்கணக்கான கதிர்கள் ஒட்டுக்கா சுற்றும் அந்த ஷெட்டில் 85, 90, 95 டெசிபல் எல்லாம் சர்வசாதாரணம். பக்கத்தில் இருப்பவரிடம் பேசவே முடியாது. அதனால் மில்லுக்காரர்களுக்கு என்று ஒரு கை பாஷை உண்டு. 'டீக்குப் போலாமா', 'மேஸ்திரி வர்றார்', 'உன்ற சைடுல நூல் அறுந்துபோச்சு' எல்லாம் விரலிலேயே முடிந்துவிடும். வேலையை விட்டு பல வருஷம் ஆகியும், பக்கத்து வீட்டு அத்தையோடு மதில் சுவருக்கு இந்தப் பக்கம் இருந்து அம்மா பேசினால் பாதி நாயம் கையில்தான் நடக்கும். எங்க வீட்டு டி.வி. சத்தம் 40-க்குக் கீழே இறங்கினதே இல்லை. 'சாக்கு எடுத்துட்டு வா' என்றால் பாக்கு வரும். நாங்கள் சிரிப்போம், அம்மாவும் சிரிப்பார். 'மில்லுக் காது சாமி, அப்படித்தே இருக்கும்' என்பார்.

அம்மாவின் பேப்பரில் கோடு 2,000 ஹெர்ட்ஸ் வரைக்கும் நல்ல பிள்ளையாக நேராகப் போனது. 4,000-ல் கிணற்றில் விழுந்தது. 60 டெசிபல் ஆழம். 8,000-ல் கொஞ்சம் ஏறி 45. இரைச்சலால் போன காதுக்கு இந்த 4,000 பள்ளம்தான் கையெழுத்து மாதிரி என்றார் அக்கா. என் பேப்பரையும் அம்மா பேப்பரையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். எனக்கு எந்த இடம் தாங்கவில்லையோ, அம்மாவுக்கு அந்த இடமே இல்லை.

உலக சுகாதார நிறுவனம் இயர்போனில் பாட்டு கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு சொல்கிறது. 80 டெசிபல் என்றால் வாரத்துக்கு 40 மணி நேரம். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும். 83-க்கு 20, 86-க்கு 10. அப்படியே போனால் 90 டெசிபலுக்கு வாரம் 4 மணி நேரம். இது பாட்டுக்கான கணக்கு, மில்லுக்கானது இல்லை. அம்மா வேலை பார்த்த காலத்தில் நம்ம ஃபேக்டரி விதிகளில் இருந்த வரம்பு ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம், 90 டெசிபல். அம்மாவுக்கு வாரம் ஆறு ஷிஃப்ட். 48 மணி நேரம். இரைச்சலால் காது போவது, அந்தச் சட்டத்தின் மூன்றாவது அட்டவணையிலேயே அறிவிக்க வேண்டிய நோயாக இருந்தது. அப்படி ஒரு அட்டவணை இருந்தது என்பதே அம்மாவுக்கு நான் சொல்லித்தான் தெரியும்.

சரி, கடைக்கு வருவோம். இப்போ எனக்கு என்ன வேணும் என்பது தெளிவாகிவிட்டது. காதும் பத்திரமாக இருக்கணும், குண்டூசியும் இருக்கக் கூடாது.

காந்திபுரம் கிராஸ்கட் ரோடு, நூறடி ரோடு, டவுன்ஹால் பக்கம் என்று மூணு சனிக்கிழமை அலைந்தேன். பல கடைகளில் இன்-இயரைக் காதில் வைத்துப் பார்க்க விடமாட்டார்கள். சுத்தம் பார்க்கிறார்கள், நியாயம்தான். நான் சொந்தமாக ஒரு டப்பா ரப்பர் டிப்பும், ஒரு குட்டி பாட்டில் சர்ஜிக்கல் ஸ்பிரிட்டும் கையோடு கொண்டுபோனேன். அதைப் பார்த்து ஒரு கடைக்கார அண்ணா மட்டும் மனசு இறங்கினார்.

'ஏனுங்கம்மிணி, பாஸ் வேணுங்களா, ட்ரெபிள் வேணுங்களா?'

'ட்ரெபிள் கம்மியா வேணுங்ண்ணா.'

'கம்மியாவா? எல்லாரும் எச்சாத்தே கேப்பாங்க!'

ஒன்று எடுத்துக் கொடுத்தார். குத்தியது. 'நூறு மணி நேரம் ஓட விடுங், அதுவா சாஃப்ட் ஆயிரும்' என்றார். புது டயர் மாதிரி இயர்போனும் ஓட ஓடப் பதமாகும் என்பது ரொம்ப நாளாக உலாவும் நம்பிக்கை. அளந்து பார்த்தால் பெரிசாக எதுவும் மாறுவதில்லை, பழகிப்போவது நம்ம மூளைதான். அந்த நூறு மணி நேரம் முடிவதற்குள் திருப்பிக் கொடுக்கும் ஏழு நாள் கெடுவும் முடிந்திருக்கும் என்பதைக் கவனிக்க!

டப்பாவைப் பார்த்து வாங்கலாமா? மூச்! '20 முதல் 40,000 ஹெர்ட்ஸ்' என்று போட்டிருப்பதில் நமக்கு ஒரு உபயோகமும் இல்லை. அந்த 'ஹை-ரெஸ்' தங்க முத்திரைக்கு 40,000 வரைக்கும் போகணும் என்பது நிபந்தனை. மனுஷக் காதோ 20,000-லேயே கடையைச் சாத்திவிடும். நமக்கு வலிப்பது 4,000-லும் 8,000-லும். எது எங்கே எவ்வளவு ஏறுகிறது, இறங்குகிறது என்பதைச் சொல்வது ஃப்ரீக்வென்ஸி ரெஸ்பான்ஸ் கிராஃப் மட்டும்தான். நிறைய மாடல்களுக்கு அளந்து போட்டிருக்கிறார்கள். 3,000 பக்கம் ஒரு மேடு இருக்கும். அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். திறந்த காது தானாகக் கொடுத்துக்கொண்டிருந்ததை, அடைத்த காதுக்கு ஈடுகட்டத்தான் அது. ஹார்மன் கம்பெனியில் ஷான் ஆலிவ் என்பவரின் குழு நிறையப் பேரைக் கேட்க வைத்து, பெரும்பாலானவர்களுக்குப் பிடித்த ஒரு வளைகோடு கண்டுபிடித்தார்கள். அதிலும் அந்த மேடு உண்டு. நம்ம கேஸில் பார்க்க வேண்டியது மேட்டுக்கு அப்புறம். 5,000 தாண்டினதும் கோடு அடங்கிப் போகிறதா, இல்லை மறுபடி கொம்பு முளைக்கிறதா? ஒரு விஷயம்: 8,000 கிட்ட கிராஃபில் கொம்பு தெரிந்தால் உடனே தள்ளிவிடாதீர்கள். அளக்கப் பயன்படும் செயற்கைக் காதுக்கும் அங்கே சொந்த முட்டு ஒன்று உண்டு. அந்த இடத்தைப் பற்றி உங்கள் காதுதான் கடைசித் தீர்ப்பு சொல்ல முடியும்.

கடையில் பாட்டு போட்டுப் பார்ப்பதைவிட, பேச்சு போட்டுப் பார்ப்பது பெஸ்ட். நான் செய்தி வாசிக்கும் ஒரு ரெக்கார்டிங் வைத்திருந்தேன். 'பஸ் ஸ்டாண்ட்', 'போலீஸ் ஸ்டேஷன்', 'சுப்ரீம் கோர்ட்'... மூணே வார்த்தையில் இயர்போனின் ஜாதகம் தெரிந்துவிடும்!

நான் முக்கியமாகக் கண்டுபிடித்தது இதெல்லாம் இல்லை. டிப்!

இயர்போனின் மூக்கில் மாட்டும் அந்த ரப்பர் குடை இருக்கிறதே, டப்பாவில் மூணு சைஸ் கொடுப்பார்கள், நாம் ரெண்டைத் தொலைத்துவிடுவோம். அந்தக் குடை காதை முழுசாக அடைக்கவில்லை என்றால் முதலில் ஓடிப்போவது பாஸ். பாஸ் போனால் பாட்டு சன்னமாகக் கேட்கும். வால்யூமைக் கூட்டுவோம். கூடுவது பாஸ் மட்டுமா? ட்ரெபிளும் சேர்ந்து கூடும். குத்தும்! பஸ்ஸில், ட்ரெயினில் இன்னும் மோசம். என்ஜின் உறுமலும் தண்டவாளச் சத்தமும் பாட்டின் அடி சுருதியை முழுங்கிவிடும். திரும்ப வால்யூம், திரும்பக் குத்தல். ட்ரெபிள் ஜாஸ்தி என்று நாம் திட்டும் பல இயர்போன்களின் உண்மையான பிரச்னை பாஸ் ஒழுகுவதுதான்.

டெஸ்ட் சிம்பிள். பாட்டு ஓடும்போது ஒரு விரலால் இயர்போனை மெதுவாக உள்ளே அழுத்துங்கள். பாஸ் திடுதிப்பென்று கூடினால், உங்க டிப் ஒழுகுகிறது. எனக்கு வலது காதுக்கு நடு சைஸ், இடது காதுக்குச் சின்ன சைஸ். ரெண்டு காதும் ஒரே அளவு என்று யார் சொன்னது? நுரை டிப் என்று ஒன்று விற்கிறது. விரலால் நசுக்கி உள்ளே விட்டால் மெதுவாக உப்பி, சந்து பொந்தெல்லாம் அடைத்துக்கொள்ளும். கூடவே மேல் சுருதியையும் கொஞ்சம் உறிஞ்சிக்கொள்ளும். என் மாதிரி ஆசாமிகளுக்கு வரப்பிரசாதம். அழுக்கு சேரும், சில மாசத்தில் மாற்ற வேண்டும். இயர்போனை வழித்துவிடும் விலை இல்லை, பரவாயில்லை.

அப்புறம் என் சொந்த எக்ஸ்பெரிமென்ட். டோன் ஜெனரேட்டர் ஆப்பில், வால்யூமை நன்றாகக் குறைத்து வைத்துக்கொண்டு, 2,000-ல் இருந்து மெதுவாக ஏற்றினேன். 7,600-ல் சத்தம் திடீரென்று எகிறியது. கணக்கு போட்டால், இயர்போனுக்கும் என் செவிப்பறைக்கும் நடுவே 22 மில்லிமீட்டர் காலி இடம்! கொஞ்சம் உள்ளே போய் உட்காரும் நீளமான டிப்பை மாற்றினேன். முட்டு 9,000 பக்கம் ஓடிவிட்டது. அங்கே ஸ்ஸின் ஜோர் கம்மி. மூணு மில்லிமீட்டரில் பாதிக் குண்டூசி காணோம்! (அதற்காகக் காதுக்குள் குடைந்து தள்ளாதீர்கள் சாமிகளா. இறுக்கம் தெரிந்தால் அதுதான் எல்லை.)

மீதியை ஈக்வலைசரில் பார்த்துக்கொண்டேன். போனில் வரும் 'ராக்', 'பாப்', 'ஜாஸ்' பட்டன்கள் வேலைக்கு ஆகாது. நாமே இடத்தைக் குறித்து இறக்கும் வசதி உள்ள ஆப் வேணும். முட்டு இருக்கும் இடத்தில் ஒடுக்கமாக 5 டெசிபல், 4,000 பக்கம் அகலமாக 3 டெசிபல் இறக்கினேன். எதையும் ஏற்றவில்லை. பாஸ் வேணுமென்றால் ட்ரெபிளை இறக்கு, அவ்வளவுதான். எங்க கிளாஸ் பையன் ஒருத்தன் மெடிக்கல் ஷாப் மைக்ரோபோர் டேப்பை இயர்போன் வாயில் பாதி மூடி ஒட்டி ட்ரெபிளைக் குறைக்கிறான். வேலை செய்கிறது. ஆனால் இடதும் வலதும் ஒரே மாதிரி ஒட்ட சர்ஜன் கை வேணும்.

இரைச்சலைக் குறைக்கும் ஏ.என்.சி. மாடல்? நல்ல விஷயம்தான். என்ஜின் உறுமல் மாதிரி அடி சுருதி இரைச்சலை அமுக்கிவிடும், வால்யூமைக் கூட்ட வேண்டி வராது. ஏர்ஹார்னின் கீச்சை அதனால் பிடிக்க முடியாது. அதைத் தடுப்பது நல்ல டிப்தான். எனக்கு பட்ஜெட்டும் இடிக்க, சிங்கிள் டைனமிக் டிரைவர் போட்ட, 5,000-க்கு மேலே கோடு அடங்கிப் போகிற ஒரு வயர் மாடலை ஆயிரத்து நானூறு ரூபாய்க்கு அந்தக் கடைக்கார அண்ணாவிடமே வாங்கினேன். மாடல் பேரைக் கேட்டு லெட்டர் போடாதீர்கள். என் 22 மில்லிமீட்டர் உங்களிடம் இருக்காது.

இப்போ மெமுவில் வால்யூம் பாதிக்குக் கீழேதான். கோயமுத்தூர் ஜங்ஷன் வரைக்கும் வலி இல்லை.

அம்மாவுக்கு அடுத்த மாசம் ஹியரிங் எய்டு ட்ரையல். அதைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தபோது ஒரு சுவாரஸ்யம் சிக்கியது. ஹியரிங் எய்டுக்குள் இருக்கும் குட்டி ஸ்பீக்கருக்கு பேலன்ஸ்டு ஆர்மச்சர் என்று பேர். 1991-ல் மீட் கில்லியன் என்ற அமெரிக்கர், எடிமோட்டிக் என்ற தன் கம்பெனியில் அதே சமாசாரத்தை வைத்துத்தான் பாட்டு கேட்க ஒரு இன்-இயர் செய்தார். இன்றைக்கு விலை உயர்ந்த இன்-இயர்களில் பெருமையாகப் போட்டுக்கொள்ளும் அதே சாமான். 'உனக்கு வரப்போறதுதான் இந்த வீட்டுலயே காஸ்ட்லி இயர்போன்' என்று அம்மாவிடம் சொன்னேன். 'என்னத்துக்கு கண்ணு அவ்வளவு தண்டம்?' என்று வழக்கம் போல ஆரம்பித்தார்.

அன்றைக்கு ராத்திரி என் போனில் இன்னொரு செட்டிங் போட்டு 'அம்மா' என்று சேமித்தேன். என்னுடையதில் எங்கே பள்ளமோ, அதில் அங்கே மேடு. வால்யூமை ஆடியோலஜிஸ்ட் அக்கா சொன்ன அளவில் வைத்து, டிப்பை ஸ்பிரிட்டில் துடைத்து அம்மா காதில் மாட்டிவிட்டேன். அம்மாவுக்குப் பிடித்த பழைய ஜானகி பாட்டு. சமையல்கட்டு வாசல்படியில் உட்கார்ந்து கண்ணை மூடிக் கேட்டவர், பல்லவி முடிவதற்குள் சட்டென்று கண்ணைத் திறந்தார்.

'ஏஞ்சாமி, இந்தப் பாட்டுல அவங்க மூச்சு உடறது கூட கேக்குதே... எப்பவுமே இருக்குமா இது?'

'எப்பவுமே இருக்கும்மா.'

'பொட்டாட்டம் இரு' என்று கையைக் காட்டிவிட்டு மறுபடி முதலில் இருந்து வைக்கச் சொன்னார். மொத்தம் நாலு தடவை கேட்டார். என் இயர்போன் இன்னும் அம்மாவிடம்தான் இருக்கிறது.